கார்ட் மாற்றியும் நிற்காத விக்கல்: யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றின் கிராபிக்ஸ் கார்ட் தெரிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் உள்ள சிறிய ஸ்டூடியோ அது. கீழ்த்தளத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை எடிட் செய்கிறார்கள். மேல்மாடியில் உரிமையாளரின் மச்சான் வீட்டுப் படம் கீறுகிறார். கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்பி ஊரில் வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரம் வெட்டும் முன்பே வீட்டை முழுதாகப் பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்களுக்காக பிளெண்டரில் முப்பரிமாணப் படங்கள் செய்து கொடுப்பது அவர் வேலை.

இரண்டு தளங்களுக்கும் இரண்டு கணினிகள். கீழே இருந்தது 2022இல் பொருத்திய கணினி: இன்டெல் ஐ5-12400எஃப் புரொசசர், ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்ட், அதில் 6 ஜிபி நினைவகம். ரூபா சரிந்து போயிருந்த நேரம் என்பதால் கொஞ்சம் மலிவான 'எஃப்' வகைப் புரொசசரை வாங்கியிருந்தார்கள். மேலே இருந்தது கொழும்பில் வாங்கிய பாவித்த ஒர்க்ஸ்டேஷன். அலுவலகங்களில் ஓடிக் கழிந்த ஸீயோன் கணினி, உள்ளே குவாட்ரோ பி2000 கார்ட், 5 ஜிபி நினைவகம்.

நான் கணினி பொருத்துவதும் திருத்துவதுமாக இருப்பவன். 2023 ஆனி மாதம் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். வெளிநாட்டுச் சொந்தங்களும் பள்ளி விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் என்று அந்த நேரத்தில்தான் வந்து இறங்குவார்கள். அதற்கு முன் கணினியைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது அவர் அவசரம்.

"தம்பி, காசு போனாலும் பரவாயில்லை. வீடியோ நிண்டு நிண்டு போகுது, அது நிக்கவேணும். புரொஃபெஷனல் கார்ட் ஒண்டு போடுவம்" என்றார்.

மேல்மாடியின் முறைப்பாடு வேறு. ரெண்டர் (கணினி இறுதிப் படத்தை வரைந்து எடுப்பது) தொடங்கியதும் நினைவகம் போதாது என்று சொல்லி பிளெண்டர் நின்றுவிடும். தோட்டத்தில் மரங்களைக் குறைத்தால் ஓடும்.

முதல் முடிவும் அதன் காரணமும்

வாங்கப் போவது ஒரே கார்ட், முறைப்பாடு இரண்டு. முதலில் கலியாண வேலையைத் தீர்ப்போம், காசு அங்கிருந்துதான் வருகிறது என்று முடிவெடுத்தோம். கொழும்பில் ஒரு கடையில் பாவித்த ஆர்டிஎக்ஸ் ஏ4000 என்ற ஒர்க்ஸ்டேஷன் கார்ட் இருந்தது. 16 ஜிபி நினைவகம், 6144 கூடா கோர்கள் (கார்டில் கணக்குப் போடும் சிறு பகுதிகள்). 1660 சூப்பரில் இருப்பவை 1408. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது வீடியோ சீராக ஓடாமல் எங்கே போகும் என்று நான் நினைத்தேன். நிறத்தை நுணுக்கமான படிகளில் காட்டும் 10 பிட் முறைக்கு இந்த வகைக் கார்ட் கட்டாயம் வேண்டும் என்று கடைக்காரரும் சொன்னார். அந்தக் கூற்று பழையது. 2019 நடுப்பகுதியில் என்விடியா வெளியிட்ட ஸ்டூடியோ டிரைவரிலிருந்து (டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள்) சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளிலும் எடிட்டிங் மென்பொருள்கள் 10 பிட் நிறத்தை மொனிட்டருக்கு அனுப்ப முடிகிறது. இது எனக்குத் தெரிந்திருந்தும் அவரோடு நான் வாதாடவில்லை. எப்படியும் நல்ல கார்ட்தானே என்ற எண்ணம்.

இந்த இடத்தில் நான் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. எந்த வேலையில் கணினியின் எந்தப் பகுதி மூச்சுமுட்டுகிறது என்று பார்க்கவே இல்லை. முறைப்பாட்டைக் காதால் கேட்டேன், மருந்தை எழுதிவிட்டேன்.

கார்ட் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. கீழ்க் கணினியில் பொருத்தினேன். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் ஒரு கலியாண டைம்லைனைத் திறந்தோம். தாலி கட்டும் இடம், இரண்டு கமராவின் காட்சி அருகருகே. முன்பு எப்படி நின்று நின்று போனதோ, அப்படியே போனது.

அடுத்த ஒரு கிழமை

டிரைவரை மாற்றினேன். மென்பொருளைப் புதிதாக நிறுவினேன். எஸ்எஸ்டியை மாற்றிப் பார்த்தேன். எதனாலும் பயனில்லை. முகூர்த்த நாட்கள் நெருங்க, உரிமையாளர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அது எனக்கு ஏச்சு வாங்குவதை விடக் கஷ்டமாக இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு சின்னச் சிக்கல். ஏ4000இல் இருப்பவை நான்கு டிஸ்ப்ளே போர்ட்கள் மட்டும், எச்டிஎம்ஐ இல்லை. அவர்களுடைய 4கே மொனிட்டருக்கு எச்டிஎம்ஐ வயர்தான் இருந்தது. கையில் கிடைத்த மலிவான மாற்றியைப் போட்டதில் 4கே படம் வினாடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்பட்டது. மவுஸ் அசைவே இழுபட்டது. ஒரு முழு நாள், இந்த இழுபடலையும் வீடியோவின் விக்கலையும் ஒன்று என்று நினைத்து அலைந்தேன். நேரடி டிஸ்ப்ளே போர்ட் வயர் வாங்கிப் போட்டதும் மவுஸ் சரியானது. வீடியோ சரியாகவில்லை.

கண்டுபிடித்தது

எட்டாம் நாள் டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளிப்பாக ஓட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ட்ரோன் காட்சி வழுக்கிக்கொண்டு போனது. கிராபிக்ஸ் கார்ட் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற கோடு மேலே எழும்பியது, புரொசசர் சும்மா இருந்தது. பிறகு பெரிய கமராவின் காட்சியை ஓட்டினேன். டீகோட் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. புரொசசரின் 12 திரெட்களும் உச்சிக்குப் போயின. காட்சி விக்கியது. அதாவது 6144 கோர்கள் இருந்தும் அந்தக் கோப்பை விரித்துத் தருவதில் கார்டுக்கு வேலையே இல்லை.

காரணம் கமராவின் அமைப்பில் இருந்தது. 2022 கடைசியில் உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து கொண்டுவந்த கமரா அது. அதில் எச்.264 (வீடியோவைச் சுருக்கி எழுதும் ஒரு முறை, எச்.265 அதற்குப் பிந்தியது), 4:2:2, 10 பிட் என்று அமைத்திருந்தார்கள். அந்த எண்களின் கதை இது: ஒளியின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் முழுதாக வைத்துக்கொண்டு நிறத் தகவலை மட்டும் குறைத்து எழுதுவது வீடியோக் கோப்புகளின் வழக்கம். 4:2:0 என்றால் நிறத் தகவலில் கால் பங்குதான் மிஞ்சும். 4:2:2 என்றால் பாதி மிஞ்சும். கூறைப்புடவையின் சிவப்பும் சரிகையும் சந்திக்கிற ஓரம், முகத்தோல் மஞ்சள் விளக்கில் எடுக்கும் நிறம், இவற்றை நிறத் திருத்தத்தில் நுணுக்கமாகக் கையாள அந்த மேலதிகத் தகவல் உண்மையில் உதவும். ஆகவே அவர்கள் அமைத்தது பிழை என்று சொல்ல முடியாது.

ஆனால் சுருக்கிய வீடியோவை விரிப்பது கார்டில் உள்ள கோர்களின் வேலை இல்லை. அதற்கென்று சிப்பில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. எந்த வகைக் கோப்பை விரிக்கலாம் என்பது அந்தப் பகுதியிலேயே பொறித்திருக்கும். என்விடியாவில் டியூரிங் (1660 சூப்பர் இதில் சேரும்), ஆம்பியர் (ஏ4000 இதில் சேரும்), ஏடா ஆகிய மூன்று தலைமுறைகளிலும் அந்தப் பகுதி 4:2:2 கோப்புகளை ஏற்காது. ஜிஃபோர்ஸ் என்றாலும் ஒர்க்ஸ்டேஷன் கார்ட் என்றாலும், ஒரு தலைமுறைக்குள் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. அந்த நாளில் மும்மடங்கு காசு கொடுத்து இன்னும் பெரிய ஆர்டிஎக்ஸ் கார்டைப் போட்டிருந்தாலும் தாலி கட்டும் காட்சி விக்கித்தான் இருக்கும்.

கீழ்த்தளத்துக்கு எடுத்த முடிவு

அந்த ஆவணிக்கு அவசரத் தீர்வாக ப்ராக்ஸி. இரவு வீட்டுக்குப் போகும்போது எல்லாக் கிளிப்புகளுக்கும் சிறிய நகல் செய்யக் கணினியை விட்டுவிட்டுப் போவது, காலையில் அந்த நகல்களை வைத்து வெட்டுவது, கடைசியில் மூலக் கோப்பிலிருந்து ஏற்றுமதி செய்வது. உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. டிஸ்க் நிறையும். இரவில் கரண்ட் போனால் காலையில் நகல்கள் அரைகுறையாகக் கிடக்கும். என்றாலும் முகூர்த்தங்கள் ப்ராக்ஸியில்தான் கடந்தன.

நிரந்தரத் தீர்வு கார்டிலிருந்து வரவில்லை, புரொசசரிலிருந்து வந்தது. இன்டெல் புரொசசர்களுக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதியிலும் வீடியோ விரிக்கும் பகுதி உண்டு, குயிக் சிங்க் என்பது அதன் பெயர். மேசைக் கணினிப் புரொசசர்களில் 11ஆம் தலைமுறையிலிருந்து அது எச்.265 வகை 4:2:2 10 பிட் கோப்புகளை விரிக்கிறது. பெயரில் 'எஃப்' என்று முடியும் புரொசசர்களில் அந்தக் கிராபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருக்கும். மலிவாக இருக்கிறது என்று 2022இல் வாங்கிய அந்த ஒரு எழுத்துத்தான் இடையில் நின்றது.

12400எஃப்-ஐக் கழற்றி விற்றுவிட்டு, அதே போர்டில் ஐ5-12500 போட்டோம். எஃப் இல்லாத 12400உம் பொருந்தும். ஆனால் 12500இல் வீடியோவுக்கான பகுதி இரண்டு, 12400இல் ஒன்று. இரண்டு கமராக் காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிற கலியாண வேலைக்கு அந்த இரண்டாவது பகுதிக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தனிக் கார்ட் பொருத்திய கணினியில் உள்ளக கிராபிக்ஸ் தானாக அணைந்திருக்கலாம், அதை பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் இயக்கிவிட வேண்டும்.

இன்னும் ஒரு படி மிச்சம் இருந்தது. குயிக் சிங்க் விரிப்பது எச்.265 கோப்புகளை. கமரா எழுதியது எச்.264. 10 பிட் எச்.264-ஐ அதுவும் விரிக்காது. ஆகவே கமராவின் அமைப்பை எச்.265க்கு மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கமராவில் எச்.265இல் வினாடிக்கு 25 பிரேம் என்ற தெரிவே கிடையாது, 50தான். 50 பிரேமில் எடுத்து 25 பிரேம் டைம்லைனில் வைப்பது அவர்களுக்குப் புதிது. ஷட்டரை 1/100இல் வைக்கச் சொன்னேன். எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மின்னும், 1/100 அதோடு ஒத்துப்போகும்.

ஐப்பசியில் முதல் தடவையாக இந்த அமைப்பில் ஒரு கலியாணம் எடுத்தார்கள். இரண்டு கமராவும் அருகருகே, ப்ராக்ஸி இல்லாமல், திரும்பப் பொருத்திய 1660 சூப்பரோடு ஓடின.

மேல்மாடியில் பார்த்தது

ஏ4000 இப்போது கீழே தேவையில்லை. மேலே கொண்டுபோகலாமா? இந்த முறை அளந்துவிட்டுத்தான் ஏறினேன்.

மச்சானின் ஒரு காட்சியைத் திறந்தோம். மாடி வீடு, முன்னால் முற்றம், மாமரம், தென்னை, வேலிக்கு அப்பால் பனைகள். அவர் சொன்னார், "எல்லாமாச் சேர்த்தே டிஸ்கில ஒரு ஜிபி வராது. 5 ஜிபி எப்பிடி நிறையுது எண்டு விளங்கேல்லை."

டிஸ்கில் இருக்கும் அளவு வேறு, கார்டின் நினைவகத்தில் பிடிக்கும் அளவு வேறு. 4கே அளவுப் படம் ஒன்று ஜேபெக்காக இரண்டு மூன்று எம்பிக்குள் அடங்கும். ரெண்டருக்கு ஏறும்போது அது முழுதாக விரியும்: 4096 × 4096 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், ஆகப் படம் ஒன்றுக்கு 64 எம்பி. ஒரு சுவருக்கே நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் என்று மூன்று படங்கள். இப்படி 80 படங்கள் சேர்ந்தாலே 5 ஜிபி. மரம் இன்னும் ஏறவில்லை.

மரங்களிலும் ஒரு வழக்கம் இருந்தது. பனையை முழு நகலாக, முப்பது தடவை பிரதி எடுத்திருந்தார். இணைப்பு நகலாக எடுத்தால் முப்பது பனைக்கும் நினைவகத்தில் ஒரே பனைதான் இருக்கும். தூரத்துப் பொருட்களின் படங்களை 2கேக்குக் குறைத்தால் 64 எம்பி 16 ஆகும். இரண்டையும் செய்தோம். அதே காட்சி, அதே மரங்களோடு, பழைய பி2000இல் ஓடி முடிந்தது. ஆனால் ஒரு 4கே படத்துக்கு நாற்பது நிமிடம் அளவு எடுத்தது. நின்ற படம் மட்டும் என்றால் அவர் அதோடு காலம் தள்ளியிருப்பார். வெளிநாட்டுக்காரர்கள் இப்போது வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி வீடியோ கேட்கிறார்கள். அதற்கு இந்த வேகம் காணாது.

கார்டுகளை ஒப்பிட்டது

கையில் ஏ4000 இருந்தாலும், விற்றுவிட்டு வேறு வாங்குவதா என்று நேர்மையாகப் பார்க்க நினைத்தேன். ஒப்பிட்டவை நான்கு.

ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060: 12 ஜிபி, 3584 கோர், 170 வாட். அறிமுக விலை 329 டாலர், ஏ4000இன் அறிமுக விலையில் மூன்றில் ஒன்று அளவு. ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ: அந்த ஆண்டு ஆடியில் வந்த 16 ஜிபி வகை, 4352 கோர், 165 வாட். ஆர்டிஎக்ஸ் ஏ2000: 12 ஜிபி வகை, 3328 கோர், 70 வாட் மட்டும், தனிக் கரண்ட் வயரே வேண்டாம். கடைசியாக, இருக்கிற ஏ4000: 16 ஜிபி, 140 வாட்.

கோர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 3060ஐ விட ஏ4000 ஒன்றே முக்கால் மடங்கு வேகமாக இருக்க வேண்டும். அப்படி வராது. 140 வாட்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு கோரும் மெதுவாகவே ஓடும். 3060இன் உச்ச வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸ், ஏ4000இன் உச்ச வேகம் 1.56. காசுக்கு வேகம் என்று மட்டும் கணக்குப் போட்டால் 3060தான் வெல்லும். ஒர்க்ஸ்டேஷன் கார்டின் மற்றப் பெருமைகள், அதாவது பிழை திருத்தும் இசிசி நினைவகமும் பொறியியல் மென்பொருள்களுக்கான டிரைவர் சான்றிதழும், பெரிய நிறுவனங்களுக்கு அர்த்தமுள்ளவை. பிளெண்டரில் வீட்டுப் படம் செய்கிற ஒருவருக்கு அவற்றால் ஒரு ரூபா பெறுமதி கிடைக்காது என்பது என் முடிவு.

தீர்மானித்தது அந்த ஸீயோன் பெட்டி. அதன் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், கடையில் வாங்கி மாற்ற முடியாது. கார்டுக்கு வரும் வயர் ஒன்றே ஒன்று, ஆறு முனை. போர்டின் சொக்கட் 75 வாட், அந்த வயர் 75 வாட், மொத்தம் 150. 170 வாட் 3060உம் 165 வாட் 4060 டிஐயும் அங்கேயே வெளியே போய்விட்டன. அவற்றில் நாங்கள் பார்த்த கார்டுகள் எட்டு முனை கேட்டன. மாற்றி வயர் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மேல்மாடியில், இரவு முழுக்க ஓடும் கணினிக்கு அதை நான் செய்ய மாட்டேன்.

மிச்சம் ஏ2000உம் ஏ4000உம். ஏ2000 எல்லா விதத்திலும் பொருந்தும், கரண்ட் மிச்சம், ஆனால் கோர் பாதி அளவுதான். ஏ4000 ஏற்கெனவே கையில். அது ஒற்றைத் தட்டுக் கார்ட், சூட்டைப் பெட்டியின் பின்பக்கமாக வெளியே ஊதித் தள்ளும் வகை. நெருக்கமான அந்தப் பெட்டிக்கு இது நல்லது. மேலேயே பொருத்தினோம்.

பிறகு நடந்தது

நாற்பது நிமிடப் படம், பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸில் ஆப்டிக்ஸ் என்ற என்விடியா முறைக்கு மாற்றியதும், ஐந்து நிமிடமளவில் முடிந்தது. முதல் நடை வீடியோ 30 வினாடி: வினாடிக்கு 25 பிரேம், ஆக 750 பிரேம். 1080 அளவில் பிரேமுக்கு இரண்டு நிமிடம் வைத்து 25 மணித்தியாலம். பழைய கார்டில் இதே வேலை எட்டு நாளைத் தாண்டியிருக்கும்.

பதினான்காம் மணித்தியாலத்தில் கரண்ட் போனது. பழைய யூபிஎஸ் சில நிமிடங்களே தாங்கியது, கணினி அணைந்துவிட்டது. நல்ல காலமாக, வீடியோக் கோப்பாக எழுதாமல் ஒவ்வொரு பிரேமையும் தனித் தனி பிஎன்ஜி படமாக எழுதும்படி அமைத்திருந்தோம். போனது ஒரு பிரேம். கரண்ட் வந்ததும் அடுத்த இலக்கத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

சூடு மட்டும் கவலை தந்தது. ரெண்டரின்போது கார்ட் 80 பாகையைத் தாண்டி நின்றது, விசிறிச் சத்தம் கீழே கேட்டது. மாதம் ஒருமுறை தூசு ஊதுவது என்றும், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பது என்றும் பழக்கிக்கொண்டார்கள்.

இனிச் செய்தால்

கார்ட் வாங்கும் பேச்சுக்கு முன், வாடிக்கையாளரின் சொந்தக் கோப்பை அவருடைய சொந்தக் கணினியில் ஓட்டி, டாஸ்க் மனேஜரைப் பத்து நிமிடம் பார்ப்பேன். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் ஆவணிக்கு முன்பே புரொசசர் மாறியிருக்கும். ஏ4000 வாங்கியதற்கு மேல்மாடி வேலை பொருத்தமாக அமைந்தது தற்செயல், அதை என் திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மேல்மாடிக்கு வெறுங்கையோடு தொடங்குவதென்றால், சாதாரண பவர் சப்ளை உள்ள பெட்டியில் 16 ஜிபி ஜிஃபோர்ஸ் ஒன்றைப் போடுவேன். பாவித்த ஒர்க்ஸ்டேஷன் மலிவு என்று வாங்குகிறவர்களிடம், கார்டுக்கு எத்தனை வயர் வருகிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள் என்று இப்போது சொல்லி வருகிறேன்.

எடிட்டிங் பக்கம் நிலைமை மாறியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில், எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 கோப்புகளைக் கார்டே விரிக்கிறது. இன்று அதே அண்ணை அதே முறைப்பாட்டோடு வந்தால் கமராவின் அமைப்பைத் தொடவேண்டி இருக்காது, 25 பிரேமிலேயே எடுக்கலாம். போன கிழமை அவரிடம் இதைச் சொன்னேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார். 1660 சூப்பர் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.